பெய்ரூட்டில் இப்போது மணி என்ன? 2023 மார்ச்சில் விமான அட்டவணை பட்ட பாடு

"என்ன விமானம்?"

லெபனான் நாடாளுமன்ற சபாநாயகர் நபீ பெர்ரி கேட்ட கேள்வி இது. எதிரே இருந்தவர் அப்போதைய இடைக்காலப் பிரதமர் நஜீப் மிகாத்தி. 2023 மார்ச்சில் வெளியே கசிந்த ஒரு வீடியோவில் இந்தப் பேச்சு பதிவாகியிருக்கிறது. ரம்ஜான் நோன்பு அந்த வாரம்தான் தொடங்கியது. வழக்கப்படி மார்ச் கடைசி ஞாயிறு, அதாவது 26ஆம் தேதி, நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக் கோடை நேரத்துக்கு மாற வேண்டும். மாறினால் மாலை 6 மணிக்கு நோன்பு திறப்பவர் 7 மணிக்குத் திறக்க வேண்டிவரும். ரம்ஜான் முடியும்வரை ஆறு ஆறாகவே இருக்கட்டுமே என்றார் பெர்ரி. விமான நேரங்களில் சிக்கல் வருமே என்று மிகாத்தி இழுத்தார். அதற்குத்தான் அந்த எதிர்க்கேள்வி.

கடிகாரத்தை எப்படித் திருப்பினாலும் சூரியன் மறையும் நேரம் மறையும், பட்டினி கிடக்கும் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது. அது வேறு விஷயம். மார்ச் 23, வியாழக்கிழமை அறிவிப்பு வந்துவிட்டது: கோடை நேரம் ஏப்ரல் 20 நள்ளிரவுவரை தள்ளிவைப்பு. கடிகாரம் மாற வேண்டிய நள்ளிரவுக்கு இருந்த அவகாசம் இரண்டு நாள் சொச்சம்.

நான் சென்னையில் டிக்கெட் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன். விமான நேரத் தரவு எப்படித் தயாராகிறது, எங்கே உடைகிறது என்று விளக்க இந்த லெபனான் சம்பவத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. விமானம் எதுவும் பழுதாகவில்லை. மூடுபனி இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, கம்ப்யூட்டர் ஒன்றும் படுக்கவில்லை. ஒரு ஊரில் மணி என்ன என்பதில் மட்டும் ஆளுக்கொரு பதில் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரு வரி எப்படி இருக்கும்

விமான நிறுவனங்கள் தங்கள் அட்டவணையை உலகத்துக்கு அனுப்ப, அவற்றின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா வகுத்த ஒரு வடிவம் இருக்கிறது. எஸ்.எஸ்.ஐ.எம். என்பார்கள், பேச்சில் 'சிம் ஃபைல்'. அதில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நீளமான வரி. விமான எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை ஓடும், வாரத்தில் எந்தெந்த நாள் (திங்கள் 1, ஞாயிறு 7), புறப்படும் ஊர், புறப்படும் நேரம், சேரும் ஊர், சேரும் நேரம், விமான ரகம். நேரங்களை அந்தந்த ஊர் நேரத்திலேயே தரலாம். ஆனால் ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் ஐந்து எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும்: +0300, +0200, +0530 என்று. உலகப் பொது நேரமான யூ.டி.சி.யிலிருந்து அந்த ஊர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அது.

பயணி அந்த ஐந்து எழுத்தைப் பார்ப்பதே இல்லை. டிக்கெட்டில் அது வராது. ஆனால் பறக்கும் நேரம், இணைப்புக்குக் கிடைக்கும் இடைவெளி, மறுநாள் சேருமா அதே நாளா என்பதற்கெல்லாம் கணக்கு அதை வைத்துத்தான்.

இந்த ஃபைல்கள் ஓ.ஏ.ஜி., சிரியம் போன்ற தொகுப்பாளர்களிடம் போகும். ஓ.ஏ.ஜி. பழைய பெயர், 1929ல் அமெரிக்காவில் 35 நிறுவனங்களின் 300 விமானங்களைத் தொகுத்து ஒரு சிறு புத்தகமாகத் தொடங்கியது. (நம்மூர் பழைய ஏஜென்ட்டுகள் தலையணை கனத்துக்கு ஏ.பி.சி. கையேடு என்று ஒன்றை மேசையில் வைத்திருப்பார்கள். அது இதற்கு இங்கிலாந்து உறவு.) அங்கிருந்து அமேடியஸ், சேபர், கலிலியோ போன்ற முன்பதிவு அமைப்புகளுக்கும், டிக்கெட் விற்கும் தளங்களுக்கும், விமான நிலையத் திரைகளுக்கும், மற்ற விமான நிறுவனங்களுக்கும் நகல் போகும். பெய்ரூட்டின் மிடில் ஈஸ்ட் ஏர்லைன்ஸ் 2012 முதல் ஸ்கைடீம் கூட்டணியில் இருக்கிறது. அதன் விமானத்தைத் தன் எண்ணில் விற்கும் கூட்டாளி நிறுவனத்தின் கணினியிலும் அதே விமானம் வேறு எண்ணோடு உட்கார்ந்திருக்கும். ஒரே விமானம், பத்து இடத்தில் பத்து நகல். முதல் நகலில் ஒரு மணி நேரம் மாறினால் மற்ற ஒன்பதும் மாற வேண்டும். ஒரே நேரத்தில் மாற வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

இன்னொரு தற்செயல். ஐயாட்டா கணக்கில் விமானக் கோடைப் பருவம் தொடங்குவதும் மார்ச் கடைசி ஞாயிறுதான். 2023ல் அது மார்ச் 26; முடிவது அக்டோபர் 28. அந்தப் பருவத்துக்கான ஸ்லாட், அதாவது நெரிசலான விமான நிலையங்களில் இறங்கவும் ஏறவும் கிடைக்கும் நேர அனுமதி, முந்தைய நவம்பரிலேயே பேசி முடிக்கப்படும் ஒன்று. பிறகு நான்கு மாதத்துக்கு மேல் அதை வைத்துத்தான் விமானம், பைலட், டிக்கெட் எல்லாம் அடுக்குவார்கள். அத்தனையும் பெய்ரூட் +0300 என்ற நம்பிக்கையில் அடுக்கப்பட்டிருந்தது. பருவம் பிறக்கும் அதே நள்ளிரவில், +0200 ஆகவே இரு என்று ஒரு நாடு சொல்கிறது.

ஐரோப்பா அதே இரவில் கோடை நேரத்துக்கு மாறிவிட்டது. வருடம் முழுக்க பாரிசுக்கும் பெய்ரூட்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கும். அரசு பின்வாங்கும்வரை (அந்தக் கதை பின்னால்) நான்கு நாள் மட்டும், அரசுக் கணக்குப்படி, இரண்டு ஊரிலும் ஒரே மணி.

விமானத்தை நகர்த்துவதா, எண்ணை நகர்த்துவதா

விமான நிறுவனத்தின் முன் இரண்டு வழி. ஓர் உதாரணத்தோடு பார்த்தால் சட்டென்று புரியும். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

பெய்ரூட்டிலிருந்து தோஹா வழியாகக் கொழும்புக்கு ஒரு டிக்கெட். லெபனானில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் இலங்கைப் பெண்கள் ஊர் திரும்பும்போது இப்படி ஏதாவது ஒரு வளைகுடா ஊரில் மாறித்தான் பெரும்பாலும் வருவார்கள். பெய்ரூட்டில் பிற்பகல் 3:00க்குப் புறப்பாடு. மூன்று மணி நேரப் பறப்பு. தோஹாவில் கோடை நேரம் என்ற பழக்கமே கிடையாது, எப்போதும் +0300. ஆகவே மாலை 6:00க்கு இறங்கும். கொழும்பு விமானம் 7:10க்கு. இடைவெளி 70 நிமிடம். அங்கே மாறுவதற்குக் குறைந்தபட்ச நேரம் 60 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் செல்லும்.

முதல் வழி: ஊர் மணி 3:00க்கே புறப்படுவது. டிக்கெட்டில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம், பயணிக்குத் தகவல் சொல்ல வேண்டாம். ஆனால் பெய்ரூட் +0200ல் இருப்பதால் விமானம் உண்மையில் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்புகிறது. தோஹாவில் 7:00க்கு இறங்கும். கொழும்பு விமானத்துக்கு மிச்சம் பத்து நிமிடம். அதாவது போச்சு. அவர் மட்டுமல்ல, அந்த விமானத்தில் மாறிப் போக இருந்த ஒவ்வொருவருக்கும் அதே கதை. ஐரோப்பிய ஊர் என்றால் இறங்கும் ஸ்லாட்டும் போகும்.

இரண்டாம் வழி: விமானத்தை உலகக் கணக்கில் அதே நொடியில் கிளப்புவது. பெய்ரூட் மணியில் அது இப்போது 2:00. தோஹாவில் அதே 6:00, இணைப்பு அதே 70 நிமிடம், ஸ்லாட் பத்திரம். ஆனால் பெய்ரூட்டில் ஏறும் ஒவ்வொரு பயணியின் டிக்கெட்டிலும் இருக்கும் நேரம் தவறாகிவிடுகிறது. கிளம்பும் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து 'ஒரு மணி நேரம் முன்னதாக வா' என்று சொல்ல வேண்டும்.

மிடில் ஈஸ்ட் ஏர்லைன்ஸ் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. எங்கள் கடிகாரங்கள் குளிர்கால நேரத்திலேயே இருக்கும், ஆனால் சர்வதேச அட்டவணையோடு ஒத்துப்போக விமான நேரங்களைச் சரிசெய்கிறோம் என்று அறிவித்தது. வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முதல் வழியில் சேதம் அடுத்தவர் ஊரில், அடுத்தவர் விமானத்தில் நடக்கிறது. உன் கையில் இல்லை. இரண்டாவதில் சேதம் உன் ஊரிலேயே, உன் பயணியிடமே. தொலைபேசியில் கூப்பிடலாம், டிவியில் சொல்லலாம், வாசலில் ஆள் நிறுத்தலாம்.

அட்டவணை ஃபைலில் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். மார்ச் 26 முதல் அக்டோபர் 28 வரை என்று ஒரே வரியாக இருந்ததை இரண்டாக வெட்ட வேண்டும். மார்ச் 26 – ஏப்ரல் 20: 14:00, +0200. ஏப்ரல் 21 – அக்டோபர் 28: 15:00, +0300. ஒவ்வொரு எண்ணுக்கும், ஒவ்வொரு திசைக்கும். அவசர மாற்றத்துக்கென்று தனிச் செய்தி வடிவம் உண்டு. நேரம் மட்டும் மாறினால் டி.ஐ.எம். என்ற குறியோடு போகும். அது வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு பி.என்.ஆரிலும் பழைய வரிக்கு யூ.என்., புதிய வரிக்கு டி.கே. என்று நிலை மாறி ஏஜென்ட்டின் கியூவில் விழும். காலையில் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் கியூவில் நாற்பது இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, ஏற்றுக்கொண்டு, பயணிக்குப் போன் போட வேண்டும். வார இறுதியில் இதைச் செய்ய எந்த ஊரில் எத்தனை பேர் மேசையில் இருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பாவமாக இருக்கிறது.

சட்டைப் பையில் இருந்த இன்னொரு கடிகாரம்

இதுவரை சொன்னது விமானத்துறைக்குள் நடக்கும் விவகாரம். வெளியே இன்னொரு தரவுத்தளம் இருக்கிறது. உங்கள் கைபேசி, எந்த ஊருக்குப் போனாலும் அங்கத்திய மணியைத் தானாகக் காட்டுகிறதல்லவா? அதற்குப் பின்னால் இருப்பது டி.இசட். தரவுத்தளம் என்ற ஒரு பொதுக் கோப்பு. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. இப்போது பால் எக்கர்ட் பராமரிக்கிறார், இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐயானா வெளியிடுகிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன், லினக்ஸ் சர்வர்கள் எல்லாம் அதிலிருந்துதான் எடுக்கின்றன. எந்த நாடு எப்போது கடிகாரத்தைத் திருப்பியது, இனி எப்போது திருப்பும் என்பதன் ஜாதகம் அது.

லெபனான் அறிவிப்பு வந்த வியாழக்கிழமையே, அமெரிக்க மேற்குக் கரையில் இரவு எட்டு மணி ஆவதற்குள், 2023பி என்ற புதிய பதிப்பு வெளியானது. முந்தைய நாள்தான் எகிப்து உள்ளிட்ட சில நாடுகளுக்காக 2023ஏ வந்திருந்தது. இரண்டு நாளில் இரண்டாவது. இதைவிட வேகமாக யாரும் செய்துவிட முடியாது. ஆனால் கோப்பு வெளியாவது வேறு, அது கோடிக்கணக்கான கைபேசிகளில் போய் உட்காருவது வேறு. அதற்கு வாரங்கள் ஆகும், பழைய போன் என்றால் வராமலே போகும்.

எனவே சனிக்கிழமை நள்ளிரவில் என்ன நடந்தது? லெபனானின் இரண்டு கைபேசி நிறுவனங்களும் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு கையால் வைத்துக்கொள்ளுங்கள் என்று எஸ்.எம்.எஸ். அனுப்பின. பல போன்கள் அதையும் மீறி ஒரு மணி நேரம் முன்னால் குதித்தன. மரோனைட் திருச்சபை அரசு முடிவை ஏற்க மாட்டோம் என்றது. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களில் சில கோடை நேரத்துக்கு மாறின. பள்ளிகள், கடைகள், வங்கிகள் ஆளுக்கொரு பக்கம். 'முஸ்லிம் நேரமா, கிறிஸ்தவ நேரமா' என்று கேலியும் சண்டையும். ஞாயிறு காலை, ஒரே தெருவில் எதிரெதிர் கடைகளில் இரண்டு மணி.

இந்தக் குழப்பத்தில் விமானம் பிடிக்கப் போகும் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது இரண்டு பொருள்: ஒரு டிக்கெட், ஒரு கைபேசி. டிக்கெட் பழையதாக (3:00) இருக்கலாம், புதியதாக (2:00) இருக்கலாம். கைபேசி கோடை நேரம் காட்டலாம், குளிர்கால நேரம் காட்டலாம்.

பழைய டிக்கெட், கோடை நேரம் காட்டும் போன்: சரியாக வந்துவிடுவார். அரசு அறிவிப்பையே கேள்விப்படாத ஆள் இவர், எந்தச் சிக்கலும் இல்லாமல் ஜம்மென்று ஏறிவிடுவார். புதிய டிக்கெட், குளிர்கால நேர போன்: சரி. அரசு சொன்னதையும் கேட்டார், விமான நிறுவனம் சொன்னதையும் கேட்டார். புதிய டிக்கெட், கோடை நேர போன்: ஒரு மணி நேரம் முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அலுப்பு தவிர நஷ்டம் இல்லை. நான்காவது ஆள்தான் மாட்டினார். அரசு சொன்னபடி போனைக் கையால் திருத்தி வைத்தவர், ஆனால் விமான நிறுவனத்தின் தகவல் வந்து சேராதவர். கையில் இருக்கும் டிக்கெட் 3:00 என்கிறது, சுவர்க்கடிகாரமும் போனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன, சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. அவர் கவுன்டருக்கு வரும்போது அது மூடியிருக்கும்.

இந்த நான்காவது ஆளை மனதில் வையுங்கள். அவர் கையிலிருந்த எந்தத் தகவலும் தவறில்லை. டிக்கெட் அச்சான அன்று சரி. கடிகாரம் அரசு சொன்னபடி சரி. இரண்டு சரியும் வெவ்வேறு நாளில் சரியாக இருந்தவை, அவ்வளவுதான். அட்டவணைத் தரவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். துல்லியம் என்றால் எண் சரியாக இருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். மேசையில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அது பாதிதான். எல்லா நகலும் ஒரே சமயத்தில் ஒரே தவறைச் செய்தால்கூட ஆள் ஏறிவிடுவார். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால்தான் விழுவார்.

நம்மூரில் இதன் சின்ன உருவத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்து வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். டிக்கெட்டில் 14ஆம் தேதி 01:30 என்று இருக்கும். நமக்கோ விடிந்தால்தான் அடுத்த நாள். பஞ்சாங்கத்திலும் நாள் சூரிய உதயத்தில்தான் பிறக்கும். '14ஆம் தேதி ராத்திரி ஒன்றரை மணி பிளைட்' என்று ஒரு தடவை நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். குடும்பமே 14ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு, பாட்டி உட்பட வழியனுப்ப ஆறு பேரோடு, இரண்டு வேனில் மீனம்பாக்கம் போய் இறங்கியது. விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. டிக்கெட்டில் ஒரு தவறும் இல்லை. அன்றிலிருந்து '13ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்கணும்' என்று மட்டும்தான் சொல்வேன், விமான நேரத்தைக் கேட்டால் அப்புறம்தான்.

குறைந்தபட்ச நேரம் என்ற நூலிழை

இணைப்பு விமானம் விற்பதன் அஸ்திவாரம் குறைந்தபட்ச இணைப்பு நேரம். எம்.சி.டி. என்போம். இந்த விமான நிலையத்தில், இந்த முனையத்திலிருந்து அந்த முனையத்துக்கு, ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏற இத்தனை நிமிடம் வேண்டும் என்று விமான நிலையமும் விமான நிறுவனங்களும் சேர்ந்து பதிவு செய்திருக்கும். வியன்னாவில் 25 நிமிடம் போதும் என்பது தொழிலில் பிரசித்தம். பிராங்க்பர்ட்டில் பொதுவாக 45. குறிப்பிட்ட நிறுவனத்துக்கு, குறிப்பிட்ட முனையத்துக்கு என்று விதிவிலக்குகள் ஏராளமாக இருக்கும்.

தேடல் பெட்டியில் பெய்ரூட் – கொழும்பு என்று தட்டினால் கணினி செய்வது இதுதான்: முதல் விமானம் சேரும் நேரம், இரண்டாவது கிளம்பும் நேரம், நடுவில் எம்.சி.டி. இருக்கிறதா? இருந்தால் காட்டு, ஒரு நிமிடம் குறைந்தாலும் காட்டாதே. இரக்கம் கிடையாது. இப்போது தோஹாவில் சேரும் நேரம் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த இரண்டாம் வழியின் அழகு இதில்தான். பெய்ரூட்டில் கிளம்பும் எண்ணை மட்டும் மாற்றியதால், தோஹாவிலும் பாரிசிலும் இருக்கும் இணைப்புக் கணக்குகள் எதையும் யாரும் தொட வேண்டியதில்லை. உலகின் பிற பாகத்துக்கு லெபனானில் ஏதோ நடக்கிறது என்றே தெரியாது. வலி முழுக்க ஒரே வாசலில்.

ஆனால் ஒரு தேடல் தளம் பெய்ரூட்டின் புதிய நேரத்தை (14:00) வாங்கிக்கொண்டு, தன் சொந்தக் கால மண்டலப் பட்டியலில் இன்னும் +0300 என்று வைத்திருந்தால், மூன்று மணி நேரப் பறப்பை நான்கு என்று காட்டும். பழைய நேரத்தை வைத்துக்கொண்டு பட்டியலை மட்டும் மாற்றியிருந்தால், இரண்டு மணி நேரத்தில் தோஹா. காங்கார்டுகூட ஆசைப்பட்டிருக்கும். ஃபைலோடு வரும் அந்த ஐந்து எழுத்தை மதிக்காமல், நேரம் ஓரிடத்திலும் மண்டலம் வேறிடத்திலும் எடுக்கும் அமைப்பு எதுவும் இப்படி மாட்டும். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் அட்டவணைத் தவறுகளில் பெரும்பங்கு இப்படி இரண்டு மூலத்தைக் கலந்து சமைப்பதால் வருவதுதான்.

பின்வாங்கல்

மார்ச் 27, திங்கட்கிழமை அமைச்சரவை கூடியது. முடிவு மாறியது. புதன் நள்ளிரவு, அதாவது 29ஆம் தேதி முடிந்து 30 பிறக்கும்போது, கோடை நேரம் வரும் என்றார் மிகாத்தி.

ஊருக்கு நிம்மதி. அட்டவணைக்காரர்களுக்கு இன்னொரு சுற்று. இரண்டாக வெட்டிய வரியை மறுபடி எடுத்து, மார்ச் 26 – 29 ஒன்று, மார்ச் 30 – அக்டோபர் 28 ஒன்று என்று வேறு இடத்தில் வெட்ட வேண்டும். மறுபடி டி.ஐ.எம்., மறுபடி டி.கே., மறுபடி கியூ. ஏப்ரல் 10ஆம் தேதி பறக்க இருந்தவரை நினைத்துப் பாருங்கள். வியாழன் வாக்கில் 'உங்கள் விமானம் 3:00 அல்ல, 2:00' என்று ஒரு தகவல். அடுத்த வாரம் '2:00 அல்ல, 3:00' என்று இன்னொன்று. கடைசியில் அவர் வாங்கியபோது இருந்த அதே நேரம். இரண்டாவது மெயிலைப் பார்க்காதவர் ஒரு மணி நேரம் முன்னதாக வருவார், பாதகமில்லை. திசை இந்த முறை பயணிக்குச் சாதகமாக அமைந்தது வெறும் அதிர்ஷ்டம்.

நாடுகள் இப்படிச் செய்வது புதிதல்ல. 2016 ஜூலையில் எகிப்து, கோடை நேரம் தொடங்கச் சில நாள் இருக்கும்போது ரத்து செய்தது. 2018 அக்டோபரில் மொராக்கோ, ஞாயிற்றுக்கிழமை திருப்ப வேண்டிய கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்தது. 2015ல் துருக்கி தேர்தலுக்காக இரண்டு வாரம் தள்ளிவைத்தது. போன்கள் தாமாக மாறிவிட, ஊர் முழுக்க மணி கேட்டுக்கொண்டு திரிந்தது. அதே எகிப்து 2023ல் கோடை நேரத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது மார்ச் முதல் தேதி அறிவித்து ஏப்ரல் 28க்கு நாள் குறித்தது. ஏறக்குறைய எட்டு வாரம். பேர் சொல்லும்படி குழப்பம் எதுவும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. நேரம் மாற்றப் போகும் அரசு குறைந்தது ஒரு வருடம் முன்னால் சொல்வது நல்லது என்பது டி.இசட். தரவுத்தளக்காரர்களின் பரிந்துரை. ஒரு வருடம் ஆடம்பரம் என்று எந்த அமைச்சராவது சொன்னால், எட்டு வாரமாவது கொடுங்கள் என்று நான் பேரம் பேசுவேன்.

நமக்கு இந்தத் தொல்லை பாதிதான். இந்தியாவும் இலங்கையும் வருடம் முழுக்க +0530. ஆனால் எதிர்முனை மாறுகிறதே. சென்னையிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்களின் நேரம் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் ஒரு மணி நேரம்போல நகர்வதைக் கவனித்திருப்பீர்கள். இந்த இரண்டு ஞாயிறுகளை ஒட்டி, ஐந்தாறு மாதம் முன்பே வாங்கிய இணைப்பு டிக்கெட் வைத்திருப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால் விமான நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆரைப் போட்டுப் பாருங்கள். மெயிலில் இருக்கும் பி.டி.எஃப்.பைப் பார்க்காதீர்கள், அது வாங்கிய அன்று எடுத்த போட்டோ. போன் காலண்டரில் பதிந்துவைத்ததையும் நம்ப வேண்டாம். அது மண்டலத்தோடு சேர்ந்து தானே நகரும், நகர்ந்ததாகச் சொல்லாது. இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கி நீங்களே இணைத்திருந்தால் உங்களுக்காக எந்தக் கணினியும் எம்.சி.டி. பார்ப்பதில்லை, அதை நினைவில் வைத்து இடைவெளி விடுங்கள்.

பெய்ரூட்டுக்குத் திரும்புகிறேன். அமைச்சரவை பின்வாங்கியதும் டி.இசட். தரவுத்தளத்தில் 2023சி வந்தது, மார்ச் 28 அன்று. நியாயப்படி அதில் என்ன இருக்க வேண்டும்? லெபனான் மார்ச் 30 பிறக்கும்போது மாறியது என்று. ஆனால் பல போன்கள் ஏற்கெனவே 26ஆம் தேதியே மாறிவிட்டன, நாட்டில் பலரும் மாறிவிட்டார்கள். நான்கு நாளுக்காக அத்தனை கருவிகளையும் பின்னே இழுத்து முன்னே தள்ளுவது இன்னும் குழப்பம். ஆகவே பராமரிப்பாளர்கள், மோசமான வழிகளுக்குள் தேவலையானதாக, 2023ஏ பதிப்பில் இருந்ததையே அப்படியே திரும்ப வைத்துவிட்டார்கள். அந்தக் கோப்பின் கணக்குப்படி லெபனான் 2023ல் மார்ச் 26 அன்று ஒழுங்காகக் கோடை நேரத்துக்கு மாறியது. அரசு நேரம் என்று ஒன்று நான்கு நாள் இருந்ததற்கு அதில் குறிப்புரை மட்டும் மிச்சம்.

அந்த நான்கு நாளின் அட்டவணையை ஊர் நேரத்தில் மட்டும் சேமித்து வைத்திருக்கும் யாராவது இன்று அதைத் திறந்து பறப்பு நேரத்தைக் கணக்கிட்டால், பெய்ரூட்டிலிருந்து கிளம்பிய ஒவ்வொரு விமானமும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பறந்ததாகக் காட்டும். பக்கத்தில் அந்த ஐந்து எழுத்தையும் சேர்த்துச் சேமித்தவருக்கு மட்டும் தோஹா மூன்று மணி நேரத்தில் வந்துவிடும்.